பதினேழு அங்குலம்

அத்தியாயம் 19

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் ஈ ஓட்டும். அம்பத்தூரில் ஒரு மண்டபத்துக்காரர் மட்டும் விவரமானவர். முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்துக் கராத்தேக்காரர்களுக்குத் திறந்துவிட்டுவிடுவார். அதனால்தான் இந்த வட்டாரத்துக் கறுப்பு பெல்ட் தேர்வு வருஷா வருஷம் ஆடி ஞாயிறு ஒன்றில் வந்து விழுகிறது. இந்த வருஷத்து ஞாயிறு இன்றைக்கு.

லோகநாயகி காலை ஐந்தரைக்கே குளித்துவிட்டு, கராத்தே பேன்ட்டும் பழைய டி-ஷர்ட்டுமாக ஹாலில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசல். எதிரே ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு என்று அளந்து கட்டிய சின்ன ஹால். ஹாலின் அந்தக் கடைசியில், ஜன்னலை ஒட்டி, ஒரு மடக்குக் கட்டில். கட்டிலில் அவள் கொழுந்தன் கிஷோர், ஒரு கால் வெளியே தொங்க, நல்ல தூக்கத்தில் இருந்தான்.

"பத்து நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணி" என்று மார்கழியில் ஒரு பையோடு வந்தவன் அவன். வேலையை விட்டுவிட்டு, அதைச் சொல்லாமல் இரண்டு மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு ரயிலேறிப் போய்வந்தது தெரிந்த அன்றைக்கு, திருநின்றவூரில் அவன் மனைவி ஷோபனா கதவைச் சாத்திவிட்டாள். பிறகு பட்டாபிராமில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது. ஷோபனாவின் கோபமும் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் அவன் கிளம்பவில்லை. ஆடி மாதம் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவது ஊர் வழக்கம். இந்த வீட்டில் மார்கழிக்கே வந்த ஆண்பிள்ளை ஆடி பிறந்தும் அசையவில்லை.

"எப்போ போறே?" என்று யாரும் கேட்கவும் இல்லை. அண்ணன் ஜெயராமனுக்கு வாய் வரவில்லை. அண்ணிக்கு அது தன் வேலை இல்லை என்ற எண்ணம்.

போன ஞாயிறு ஜேம்ஸ் மாஸ்டர் சொன்னதுதான் இந்த வாரம் முழுவதும் லோகநாயகியைத் தூங்கவிடவில்லை. ஜேம்ஸுக்கு இருபத்தொன்பது வயசு, அவளுக்கு நாற்பத்தைந்து. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் வகுப்பு நடத்துகிறான். மகள் வர்ஷாவைக் கொண்டுவிடப் போனவள், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தானும் சேர்ந்தாள். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அம்மா பிரவுன் பெல்ட்வரை வந்துவிட்டாள்.

கட்டா என்பது எதிரி இல்லாமல் போடுகிற சண்டை. நாலு பக்கமும் ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டு, வகுத்து வைத்த வரிசையில் தடுத்து, அடித்து, திரும்பி, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். தேர்வுக்கு அவளுடைய கட்டாவில் நாற்பதுக்கு மேல் அசைவுகள். போன வருஷம் நடுவில் மறந்து மரம் மாதிரி நின்றுவிட்டாள். தொடர்ந்து இரண்டாவது முறையும் தவறினால் பிரவுன் பெல்ட்டின் முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். அப்படி ஆரம்பித்தால் இன்னும் மூன்று வருஷம் ஆகும். மூன்று வருஷத்தில் முழங்கால் என்ன சொல்லுமோ, யார் கண்டது?

எனவே வரிசை மறக்கவே கூடாது என்று இந்த ஹாலில் விடாமல் போட்டுப் போட்டு உருவேற்றினாள். வரிசை வந்துவிட்டது. வேறொரு வினையும் கூடவே வந்தது.

"அக்கா, ஒன்றரை அடி பின்னாடி வந்து நிக்கிறீங்க" என்றான் ஜேம்ஸ். "எங்கியோ ஒரு எட்டை முழுங்கிக்கினு வரீங்க. நாப்பது புள்ளைங்கள வெச்சுக்கினு எனக்குக் கண்ணுல மாட்டல. பேன்ட்டு வேற தொளதொளன்னு கீது. நீங்களேதான் கண்டுபுடிக்கணும்."

எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டா போடும்போது குனிந்து காலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதற்கே மதிப்பெண் போய்விடும்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவள் இதைச் சொல்ல, ஜெயராமன் சட்டென்று தலைநிமிர்ந்தார். ஆறு வருஷத்தில் அவளுடைய கராத்தேயைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஒன்றரை அடின்னா? அளந்து சொன்னானா, குத்துமதிப்பா சொன்னானா?"

தொழிற்சாலையில் அவருக்கு இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற மனுஷர். குத்துமதிப்பு என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

இதோ, விடிந்ததும் விடியாததுமாக ஸ்டீல் டேப்பும் சாக்பீஸுமாக வந்து தரையில் குந்திவிட்டார்.

"ஆரம்பி" என்றார்.

அவள் நின்ற இடத்தில் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டார். அவள் மூச்சை இழுத்துத் தொடங்கினாள். தூங்குகிறவன் எழுந்துவிடுவானே என்று கத்தாமல், தரையை உதைக்காமல், வீட்டுக்கென்று வைத்திருக்கும் அந்த அடக்கமான கட்டாவைப் போட்டு முடித்தாள்.

ஜெயராமன் டேப்பை இழுத்தார்.

"பதினேழு அங்குலம். ஒன்றரை அடி இல்ல."

"அப்போ வீட்டுலயும் தப்பாத்தான் வருதா?"

"பின்ன? காலு அதே காலுதானே. மறுபடி போடு. ஒவ்வொரு எட்டா நிறுத்திப் போடு."

நிறுத்தி நிறுத்திப் போட்டாள். ஒவ்வொரு எட்டுக்கும் அவர் ஒரு கோடு கிழித்தார். ஹால் முழுக்கக் கோடாகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வந்தார். ஜன்னலை நோக்கி வரிசையாக மூன்று எட்டு வைத்து, விரித்த கையால் மூன்று முறை தடுக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே வந்து டேப் நின்றது.

"முதல் எட்டு முப்பத்திரண்டு. ரெண்டாவது முப்பத்திரண்டு. மூணாவது…" இன்னொரு தரம் அளந்தார். "பதினைஞ்சு."

"பதினைஞ்சா?"

"திரும்பி வரும்போது எல்லாம் முப்பத்திரண்டுதான். போறப்போ குறைச்சுட்டு வரப்போ முழுசா வரே. அதான் பதினேழு அங்குலம் பின்னாடி போய் நிக்கிறே."

"அந்த ஒரு எட்டுல மட்டும் ஏன்?"

ஜெயராமன் இரண்டாவது கோட்டிலிருந்து முப்பத்திரண்டு அங்குலத்துக்கு டேப்பை நீட்டினார். டேப்பின் நுனி கட்டிலின் இரும்புக் காலைத் தாண்டி, அடியில் போய் நின்றது. அதற்கு நேர் மேலே கிஷோரின் பாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதமாகத் தினம் காலையில் அந்த இரும்புக் காலில் இடித்துக்கொள்ளாமல் எட்டைச் சுருக்கியிருக்கிறாள். சுருக்குகிறோம் என்றே தெரியாமல், வரிசையோடு சேர்த்துக் கட்டிலையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

ஜெயராமன் டேப்பைச் சர்ரென்று உள்ளே விட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணலாம். திரும்பி வரும்போது ஒரு எட்டைக் குறைச்சுக்கோ. கணக்கு நேராயிடும்."

லோகநாயகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இப்படி ஒரு பீஸ் உங்க டேபிளுக்கு வந்தா பாஸ் பண்ணுவீங்களா?"

அவர் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியை எழுப்பி ஒரு வார்த்தை சொல்வதைவிட, மனைவியை இன்னொரு தப்பு பண்ணச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. அம்மா போனபிறகு அவர்தான் கிஷோரைப் படிக்கவைத்து ஆளாக்கினார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவளும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்குத் திறந்தாள்.

"தம்பி, கொஞ்சம் எழுந்திருங்க. கட்டிலை மடிக்கணும்."

கிஷோர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். தரையெல்லாம் கோடு. அண்ணன் கையில் டேப். அண்ணி இடுப்பில் கை.

"என்னண்ணா அளக்கறீங்க?"

"ஒண்ணுமில்லடா" என்றார் ஜெயராமன்.

லோகநாயகி விஷயத்தைச் சொன்னாள். முப்பத்திரண்டையும் பதினைந்தையும் காட்டினாள். அவன் தொங்கிய காலை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடித்து, போர்வையை மடித்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டான்.

"இன்னிக்கு மட்டும்தானே அண்ணி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்ல நினைத்தாள். கண் அந்தப் பதினைந்தாம் அங்குலக் கோட்டில் போய் நின்றது.

"இல்ல" என்றாள்.

கிஷோர் தலையாட்டினான். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்தான். முகம் கழுவி, சட்டை மாட்டி, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். ஜெயராமன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். முப்பத்திரண்டாம் அங்குலத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

"ம், போடு."

கட்டில் போய்விட்டது. ஆனால் அவள் காலுக்கு அது தெரியவில்லை. முதல் தடவை பதினைந்து. அடுத்தது பதினாறு. வேண்டுமென்றே எட்டி வைத்தால் இருபத்தைந்து வந்தது, ஆனால் இடுப்பு ஆடி, கை தாமதமாகப் போனது. பத்து தடவை போட்டாள். இருபது தடவை போட்டாள். நேரம் ஏழேமுக்கால். பத்து மணிக்கு மண்டபத்தில் பெயர் கொடுக்க வேண்டும். அழுகை வரும்போல இருந்தது.

போனை எடுத்து ஜேம்ஸைக் கூப்பிட்டாள்.

"கட்டிலா?" ஜேம்ஸ் அந்தப் பக்கம் சிரித்தான். "அதான பாத்தேன்! என்கிட்ட ஒரு பையன் கீறான், ஃபிரிட்ஜுக்குப் பயந்து உதையே பாதியோட நிறுத்துவான். அக்கா, இப்ப காலை நீட்டணும்னு நெனைக்காதீங்க, நெனைச்சா நீளாது. கட்டில் இருந்த இடத்துக்கு அந்தாண்ட ஒருத்தன் நிக்கிறான்னு வெச்சுக்கோங்க. அவனை எட்டிப் புடிக்கணும். ஆளைப் பாருங்க, காலு தானா போவும்."

"யாரை நிறுத்தறது ஜேம்ஸ்? எனக்கு அப்படி யாரும் இல்லையே."

"இன்னா அக்கா, நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு ஆளு கூடவா கெடைக்கல?"

யோசித்துப் பார்த்தாள். அடுத்த பிளாக் மங்களம் கிடைத்தாள். கராத்தே உடுப்போடு போகிற ஒவ்வொரு முறையும், "இந்த வயசுல யாரை அடிக்கப் போறே லோகா?" என்று காய்கறி வண்டி பக்கத்தில் நின்று நாலு பேர் கேட்கும்படி விசாரிக்கிற மங்களம். அவளை ஜன்னலுக்கு முன்னால் நைட்டியோடு நிறுத்தினாள்.

கால் முப்பத்தொன்றுக்குப் போனது.

"யாரை நிறுத்தினே?" என்றார் ஜெயராமன்.

சொன்னாள். அவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கணவன் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு இருந்தது. அடுத்த அரைமணியில் ஏழு தடவை முப்பத்திரண்டு வந்தது. நாலு தடவை வரவில்லை. அந்தக் கணக்கோடுதான் ரயிலேறினார்கள்.

கிஷோர் டீ குடித்துவிட்டு இன்னும் வரவில்லை. அவனுக்காக வீட்டுச் சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை மேடையின் மூலைக்குத் தள்ளிவிட்டு, கீழே நீல விரிப்பு போட்டிருந்தார்கள். விரிப்பின் நடுவே வெள்ளை டேப்பில் ஒரு பெருக்கல் குறி. அதுதான் புறப்படும் இடம், வந்து சேரும் இடமும் அதுவே. வெளியே அம்மன் கோயில் ஒலிபெருக்கி கூழ் குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இருபத்துமூன்று பேர் முட்டி மடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதில் இருபத்திரண்டு பேர் லோகநாயகியை ஆன்ட்டி என்று கூப்பிடுகிற வயசு.

தலைமைத் தேர்வாளர் சண்முகசுந்தரம் நடுவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது. பென்சிலைக்கூட அவசரப்படாமல் சீவினார்.

ஜெயராமன் பெண் வீட்டார் உட்காரும் பக்கமாக முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். பதினாறாம் எண் முடிந்து, பதினேழாம் எண்ணான இவளைக் கூப்பிடுவதற்குச் சற்று முன், அவர் போனை எடுத்துப் படிப்பதைப் பார்த்தாள். படித்ததும் அவர் முகம் மாறியது. 'என்ன?' என்று புருவத்தால் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பதினேழு!"

எண்ணும் அதுவாகவா வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள்.

பெருக்கல் குறியின் மேல் நின்று, வணங்கி, கட்டாவின் பெயரைச் சொன்னாள். இங்கே யாரும் தூங்கவில்லை. தரையை உதைக்கலாம். முதல் பாய்ச்சலில் விரிப்பு அதிர்ந்தது. திரும்பினாள், தடுத்தாள், அடித்தாள். கைகள் தாமாகவே போயின. அந்த மூன்று எட்டும் வந்தது. ஒன்று, இரண்டு.

மூன்றாவதில், எதிரே நிறுத்திவைத்த மங்களத்தைக் காணோம். அங்கே கிஷோர் போர்வையை மடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு கணம்தான். கால் தயங்கியது. பிறகு, கட்டிலும் இல்லை, அவனும் இல்லை, வெறும் நீல விரிப்புத்தான் என்று உடம்புக்கே தெரிந்ததுபோல, அந்தக் கால் முழுசாகப் போய் விழுந்தது. கையும் அதே நேரத்தில் வெட்டி நின்றது. அதன் பிறகு எதுவும் அவளுக்கு நினைவில்லை. கடைசிக் கூச்சல் மண்டபத்தின் கூரையில் பட்டுத் திரும்பியது.

நின்றாள். கீழே பார்க்கக் கூடாது. பெருக்கல் குறி பாதத்துக்கு அடியில் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, தெரியவில்லை. கண் நேராக இருந்தது. அந்த நேர்பார்வையின் ஓரத்தில் ஜெயராமன் தெரிந்தார். இரைச்சலுக்கு நடுவே தொழிற்சாலையில் பேசிக்கொள்வதுபோல, கையை உயர்த்தி, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். நடுவில் இடைவெளி இல்லை.

சண்முகசுந்தரம் பென்சிலால் ஏதோ எழுதினார். ஒன்றரை மணிக்குப் பெயர்கள் வாசித்தபோது, ஏழாவது பெயர் அவளுடையது. கறுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் வாங்கும்போது, "வீட்டுல பிராக்டீஸ் பண்ண இடம் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"இப்போ இருக்கு சார்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆவடி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெல்ட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். யாரும் கொடுக்காமல், தானே போய் வாங்கிய பொருள் என்று அவளுக்கு இதுவரை வேறொன்றும் இல்லை. வர்ஷாவுக்குப் போட்டோ அனுப்பினாள். திருமுல்லைவாயில் தாண்டியதும் ஜெயராமன் போனை எடுத்து நீட்டினார்.

'கட்டிலையும் எடுத்துட்டுக் கிளம்பறேன் அண்ணா. வீட்டுக்குத்தான். அண்ணிக்கு ஆல் த பெஸ்ட் சொல்லிடுங்க.'

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்கு எட்டு குறைஞ்சிருக்கும்."

அது உண்மைதான். அவள் மறுபடி ஒரு தரம் படித்தாள். வீட்டுக்குத்தான் என்று எழுதியிருக்கிறான். இத்தனை மாதம் யாரும் சொல்லாததை ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டது, நல்லதுக்குத்தான் சொல்லிவிட்டது என்று மனசைத் தட்டிக்கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்து இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் என்றும் இருந்தது.

வீடு திறந்ததும் ஹால் பெரிதாகத் தெரிந்தது. கட்டில் இருந்த இடத்தில் நாலு துருக்கறை. தரையில் காலையில் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. பெல்ட்டைக்கூடக் கீழே வைக்காமல் ஷோபனாவுக்குப் போன் போட்டாள்.

"ஷோபனா, நான் பாஸ் பண்ணிட்டேன்! அவர்கிட்டயும் சொல்லு."

"அக்கா, அவர் அங்க இல்லையா?"

"உங்க வீட்டுக்குத்தானே வந்தார்?"

"வரேன்னு காலையில மெசேஜ் பண்ணினார். நானும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணி, சமைச்சு வெச்சுட்டு, கதவைத் திறந்து வெச்சிட்டுத்தான் உக்காந்திருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்துது. கட்டில் மட்டும்தான் இருந்துது. டிரைவர் இறக்கி வெச்சுட்டு, 'அண்ணாத்தே இத்தக் குடுக்கச் சொல்லிச்சுமா'ன்னு ஒரு கவரைக் குடுத்தான்."

"கவர்ல என்ன?"

"எங்க வீட்டுச் சாவி அக்கா. அவர்கிட்ட இருந்த சாவி." ஷோபனாவின் குரல் உடைந்தது. "ரெண்டு வீட்டுலயும் இல்லைன்னா, அவர் எங்கதான் போனார்?"

ஜெயராமன் இதற்குள் தம்பியின் எண்ணை அழுத்திக் காதில் வைத்திருந்தார். போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் அதை முழுவதும் கேட்டுவிட்டு, மறுபடி அழுத்தினார்.

லோகநாயகி தெருவைப் பார்க்கலாமென்று ஜன்னலை நோக்கி நடந்தாள். சாக்பீஸ் கோடுகளின் மேலேயே அவள் கால்கள் போயின. முதல் எட்டு முப்பத்திரண்டு. இரண்டாவது முப்பத்திரண்டு.

மூன்றாவது எட்டு பதினைந்திலேயே நின்றுவிட்டது.